காரில் கேட்கும் சத்தம் எதைப் பின்தொடர்கிறது?

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது, அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். நான் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் உடல் ஒரே எஃகுக் கூடாகப் பற்றவைக்கப்பட்டது என்பதால், பின் சக்கரத்துக்கு மேலே எழும் தட்டல் தரைத்தகட்டின் வழியாகவே பயணித்து முன் இருக்கையின் அடியில் கேட்பது அரிதல்ல. தாழ்ந்த சுருதியில் வரும் உறுமலின் திசையை நம் காதுகள் சரியாகக் கணிப்பதும் இல்லை; சுற்றிலும் கண்ணாடி சூழ்ந்த சிறிய இடத்தில் எதிரொலியும் சேர்ந்துகொண்டால் இடதும் வலதும்கூட மாறிவிடும். அதனால் இடத்தைத் தேடுவதற்கு முன்பு, அந்தச் சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். அது இன்ஜினின் சுழற்சியோடு கூடிக் குறைகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு நடக்கிறதா, பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எழுகிறதா, சாலையின் மேடுபள்ளத்துக்கு மட்டும் பதில் சொல்கிறதா? இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால், சந்தேகிக்க வேண்டிய பாகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். ஸ்பேனரை அதன் பிறகு எடுத்தால் போதும்.

முதலில் இன்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துவிட வேண்டும். கார் நின்ற நிலையில், கியரை நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது அதே சத்தம் கேட்டால், அது இன்ஜினுக்கோ அதனோடு சேர்ந்து சுழலும் பாகங்களுக்கோ உரியது. நின்ற நிலையில் கேட்கவில்லை என்றால், போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் ஒரே வேகத்தை இரண்டு கியர்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரிலும், பிறகு அதே வேகத்தில் நான்காம் கியரிலும் ஓட்டினால், சக்கரத்தின் சுழற்சி மாறாது, இன்ஜினின் சுழற்சி மட்டும் குறையும். சத்தத்தின் சுருதியும் கூடவே இறங்கினால் அது இன்ஜின் பக்கம். அப்படியே நின்றால் சக்கரத்தின் பக்கம். கிளட்ச் பெடல் இல்லாத கார்களில் கைமுறைக் கியர்த் தேர்வு இருந்தால் அதைக் கொண்டு இதே சோதனையைச் செய்யலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் ஓடும் காரின் இன்ஜினை அணைத்துப் பார்க்கக் கூடாது. ஓரிரு முறை மிதித்ததும் பிரேக்குக்கான வெற்றிட உதவி தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனத்துப்போகும், சில கார்களில் அது பூட்டிக்கொள்ளவும் கூடும். ஓட்டுபவர் ஓட்டுவதில் மட்டும் கவனம் வைக்க வேண்டும். கேட்பதற்கு இன்னொருவர் உடன் இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு மிகவும் உதவும். சாதாரணக் காரின் டயர் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 1.9 மீட்டர் தூரம் உருளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 5.6 மீட்டர், ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 3 முறை சுழல்கிறது. இன்ஜினோ சும்மா ஓடும்போதே நிமிடத்துக்கு 800 முறை, அதாவது நொடிக்கு 13 முறைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு அதில் பாதி வேகத்தில் சுழலும். எனவே மெதுவாகப் போகும்போது நிதானமாக எண்ணும் அளவுக்கு ‘டக்… டக்… டக்’ என்று கேட்டால், இன்ஜினைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு டயரில் ஆணியோ கல்லோ ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதே சரி. பின் சக்கரங்களை இழுக்கும் கார்களில் நடுவே ஓடும் நீண்ட தண்டு, சக்கரத்தைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாகச் சுழலும். அதன் இணைப்புகள் தேய்ந்தால் வரும் அதிர்வும் சக்கர வேகத்தைத்தான் பின்தொடரும், ஆனால் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும்.

சக்கரத்தைப் பின்தொடரும் சத்தங்களில் மக்கள் அதிகம் பணம் இழப்பது, சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்கையும் டயரையும் பிரித்தறிய முடியாமல்தான். இரண்டும் 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ‘ஊ’ என்று தொடங்கி, வேகம் கூடக் கூட உறுமலாக வளரும். அகலமான காலிச் சாலையில் மென்மையாக இடமும் வலமும் வளைந்து ஓட்டினால் முதல் துப்பு கிடைக்கும். கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங், மறுபுறம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங். டயரின் இரைச்சல் இந்த வளைவுகளைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அது சாலையின் மேற்பரப்பைப் பொறுத்து மாறும். புதிதாகப் போட்ட வழவழப்பான தார்ச்சாலையில் ஏறியதும் சத்தம் தணிந்து, சொரசொரப்பான கான்கிரீட்டில் மீண்டும் எழுந்தால், குற்றவாளி டயர்தான். பேரிங்குக்குக் கீழே எந்தச் சாலை ஓடினாலும் ஒன்றுதான்.

நண்பர் ஒருவரின் காரில் இந்த உறுமலுக்காக ஒரு பணிமனையில் முன் பேரிங்குகள் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். சத்தம் இம்மியும் குறையவில்லை. அந்தக் காரின் பின் டயரில் உள்ளங்கையை வைத்து, ஓடும் திசையில் ஒருமுறை தடவினேன். ரப்பர் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த்திசையில் தடவியபோது டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டியின் விளிம்பும் ரம்பப்பல் போல விரலில் இடறியது. டயரின் உள்விளிம்பில் சாண் இடைவெளியில் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தது. நின்றுகொண்டு மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பின் டயர்களை முன்னால் மாற்றி மாட்டியதும் உறுமலும் முன்னால் வந்துவிட்டது; அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட தேய்மானம், சக்கரக் கோணம் பிசகியதாலோ ஷாக் அப்சார்பர் வலுவிழந்து டயர் தரையில் துள்ளிக்கொண்டே ஓடியதாலோ வருவது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மட்டும் போட்டால், புது டயரும் அதே வடிவத்தில் தேய்ந்து அதே பாட்டைப் பாடும். ஒரு எச்சரிக்கை: பக்கச்சுவரில் அம்புக்குறி உள்ள, ஒரே திசையில் ஓட வேண்டிய டயர்களை அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே மாற்ற வேண்டும்.

பேரிங்தான் என்று சந்தேகம் வலுத்தால், காரைத் தூக்கி உறுதி செய்துகொள்ளலாம். ஜாக்கை மட்டும் நம்பிக் கைவைக்காமல், சமதளத்தில் ஸ்டாண்டுகளின் மேல் காரை நிறுத்திய பிறகு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷனின் சுருள் வில்லின் மேல் லேசாக வைக்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் வில் அமைதியாக இருக்கும். பழுதான பேரிங் என்றால், காதுக்கு எதுவும் கேட்காதபோதே, மணல் அரைபடுவது போன்ற ஒரு நறநறப்பு அந்த வில்லின் வழியாக விரல்நுனிக்கு வரும். இந்தச் சோதனையைவிட நம்பகமானதை நான் கண்டதில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் தேவைதான், ஆனால் ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. இன்றைய பேரிங்குகள் ஆட்டம் கொடுப்பதற்கு நெடுநாள் முன்பே உறுமத் தொடங்கிவிடும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் முன்சக்கரம் அசைந்தால், ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் கம்பிகளின் முனைகளைப் பார்க்க வேண்டும்.

பேரிங்கை மாற்றும்போது செய்யும் தவறுகளே அடுத்த சத்தத்துக்கு விதை. புதிய பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கினால், உள்ளே உள்ள குண்டுகள் தம் பாதையில் தழும்பு பதித்துவிடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் உறுமல் திரும்பி வரும். அழுத்தும் கருவியைக் கொண்டு, உள், வெளி வளையங்களில் எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அந்த வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுத்து ஏற்ற வேண்டும். பல பேரிங்குகளின் ஒரு பக்கத்து மூடியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உணரிக்கான காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் உணரியைப் பார்த்து இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகம் பற்றிய செய்தி போகாது. நடுவில் உள்ள ஆக்சில் நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்காமல் காரின் எடையை அந்தச் சக்கரத்தின் மேல் இறக்கவும் கூடாது.

ஸ்டியரிங்கைப் பின்தொடரும் சத்தங்களில் தெளிவானது, முன் சக்கரங்களை இழுக்கும் கார்களில் வளைவுகளில் கேட்கும் ‘கடக் கடக் கடக்’. காலியான இடத்தில் ஸ்டியரிங்கை ஏறக்குறைய முழுதாகத் திருப்பி, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து இருபுறமும் வட்டமடித்தால், திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கொண்டுசெல்லும் வெளிப்புறச் சிவி ஜாயின்ட் தேய்ந்திருப்பது மறைக்க முடியாமல் வெளிப்படும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் விசிறியடித்திருப்பதையும் அநேகமாகக் காணலாம். பூட் கிழிந்ததைச் சத்தம் வருமுன்பே கண்டுபிடித்தால், ஜாயின்ட்டைச் சுத்தம் செய்து, புதுக் கிரீஸ் நிரப்பி, பூட்டை மாற்றினால் காரியம் முடிந்தது. கடகடப்பு தொடங்கிய பிறகு கிரீஸ் நிரப்பிப் பயனில்லை. ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று வில் அறுந்தாற்போல் கேட்டால் அது வேறு கதை: முன் ஸ்ட்ரட்டின் (சுருள் வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே உள்ள சிறு பேரிங் இறுகிப்போய், சுருள் வில் முறுக்கிக்கொண்டு திடீரென விடுபடுகிறது. ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் வில்லின் வெளிப்புறத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் துள்ளல் கையில் தெரியும்.

பிரேக்கைப் பற்றி அதிகம் பயப்படுபவர்களும் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாதவர்களும் இருக்கிறார்கள். இரவு மழையில் நனைந்த கார் காலையில் முதல் சில பிரேக்குகளுக்குக் கரகரப்பது, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு உரிவதால். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாள் முழுதும் தொடரும் மெல்லிய கீச்சொலி அப்படியல்ல. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடுகள் பலவற்றில் ஒரு சிறு எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். உராய்வுப் பொருள் 2, 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கூச்சலிடும். சில கார்களில் பிரேக்கை மிதித்ததும் அந்தக் கீச்சொலி நின்றுவிடுவதால், பிரேக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதற்கும் பிறகு ‘கறகற’வென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால், பேடில் தேய எதுவும் மிச்சமில்லை, அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பேடுகள் நன்றாக இருந்தும் மிதிக்கும்போது கிறீச்சிட்டால், பேடு, அதை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் நுண்ணிதாக அதிர்கிறது என்று பொருள். தாங்கும் கிளிப்புகளைப் புதுப்பித்து, வழுக்குத் தண்டுகளைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள வெப்பம் தாங்கும் கிரீஸைப் பேடின் காதுகளிலும் பின்தகட்டிலும் மட்டும் மெல்லிதாகத் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். உராயும் பரப்பில் ஒரு துளி பட்டாலும் அந்தப் பேடு வீண். மண் சாலையில் போய் வந்த உடனே காதைக் கிழிக்கும் அலறல் தொடங்கினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தூசித் தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கலாம். சில மீட்டர் பின்னோக்கி நகர்த்தினாலே பல நேரம் அது விழுந்துவிடும்.

மேடுபள்ளத்துக்கு மட்டும் வரும் சத்தங்களில், எப்படிப்பட்ட மேடு என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சிறு குழியில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்று தட்டி, இரு சக்கரங்களும் ஒன்றாக வேகத்தடையில் ஏறும்போது பேசாமல் இருந்தால், இடவலச் சக்கரங்களை இணைத்துக் காரின் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் லிங்க் ராட் தேய்ந்திருக்கிறது. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அந்தக் கம்பிக்கு முறுக்கம் இல்லை. ஒன்று மட்டும் அசையும்போதுதான் அதற்கு வேலை. இரண்டிலும் கனமாக ‘தொம்’ என்று கேட்டால் ஷாக் அப்சார்பரையோ அதன் மேல் தாங்கியையோ பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஒருமுறையும், மீண்டும் நகரும்போது ஒருமுறையும் இடித்தால், சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் உருளை) கிழிந்திருக்கலாம், அல்லது இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் உடைந்திருக்கலாம்.

ரப்பர் புஷ் மாற்றும்போது பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அதன் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். நல்ல புஷ்கூடச் சில மாதங்களில் கிழிந்து பழைய சத்தத்தைத் திரும்பத் தரும். போல்ட்டை லேசாக மாட்டி, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். உலர்ந்த ரப்பர் முனகுகிறதே என்று இன்ஜின் ஆயிலைத் தெளிப்பவர்களும் உண்டு. இயற்கை ரப்பரைக் கனிம எண்ணெய் உப்பச் செய்து கெடுத்துவிடும். தெளிக்கத்தான் வேண்டுமென்றால் சிலிக்கான் வகையைத் தெளிக்கலாம்.

இன்ஜினைப் பின்தொடரும் சத்தங்களில் மிக எளிதாகத் தீர்வது பெல்ட்டின் கீச்சொலி. இன்ஜினை இயக்கியதும், ஏசியைப் போட்டதும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியதும் அது எழும். இன்ஜின் சும்மா ஓடும்போது, சட்டைக் கையும் தலைமுடியும் அருகே போகாதபடி பார்த்துக்கொண்டு, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். கீச்சொலி சற்றே நின்று மீண்டும் வந்தால் புல்லிகளின் நேர்கோடு பிசகியிருக்கிறது. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. இரண்டிலும் புது பெல்ட் மட்டும் போடுவது பாதி வைத்தியம்தான். குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் மட்டும் தகரம் ‘சளசள’வென்று அதிர்ந்து, அதைத் தாண்டியதும் அடங்கினால், சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கும், எஃகு கிளாம்ப் ஒன்று போட்டு இறுக்கினால் தீர்ந்தது. குளிர்ந்த இன்ஜினில் ‘டிக் டிக்’ என்று கேட்டுச் சூடானதும் மறைவது, பல நேரம் எக்ஸாஸ்ட் இணைப்பின் கசிவு. உலோகம் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது. இணைப்பின் அருகே கரிக்கோடு தெரிந்தால் ஐயமே இல்லை. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது என்பதால், சத்தம் சிறியதுதானே என்று தள்ளிப்போடக் கூடாத பழுது இது.

இன்ஜினின் தலைப்பகுதியில் டிக்டிக் கேட்டால், எதையும் கழற்றுமுன் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் கோலிக்குண்டுகளை உலுக்கினாற்போல் கிலுகிலுத்தால், எரிபொருள் உரிய தருணத்துக்கு முன்பே வெடிக்கிறது. கையேடு சொல்லும் ஆக்டேன் தரத்துக்குக் குறைந்த பெட்ரோலா, கார்பன் படிவா, அதிக வெப்பமா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அவகாசம் உண்டு. இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஓங்கும் கனத்த ‘டக்டக்’ வந்தால் அவகாசம் இல்லை. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இழுவை வண்டியை அழைப்பதே வழி. கிளட்ச் உள்ள கார்களுக்கு ஒரு விரைவான சோதனை: பெடலை அழுத்தும்போது மட்டும் இரைந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, அழுத்தியதும் நின்றால் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டுப் பேரிங்.

பழுதல்லாத சத்தங்களும் உண்டு. கார் கிளம்பியதும் ஒருமுறை ‘கொர்’ என்பது ஏபிஎஸ் தன்னைச் சோதித்துக்கொள்வது. நிறுத்திய பிறகு கேட்கும் ‘டிக் டிக்’ சூடான உலோகம் சுருங்குவது. ஏசியை அணைத்ததும் கேட்கும் ‘உஸ்’ அதன் வாயு அழுத்தம் சமனாவது. மின்சாரக் கார்களில் இன்ஜின் இரைச்சல் என்ற போர்வையே இல்லாததால், டயரும் காற்றும் உள்ளறைப் பிளாஸ்டிக்கும் எழுப்பும் சிறு ஒலிகள்கூடப் பெரிதாகக் கேட்கும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மட்டும் சீழ்க்கை கேட்டால், கதவு இடுக்குகளின் மேல் ஒவ்வொன்றாகக் காகித ஒட்டுநாடாவை ஒட்டி ஓட்டிப் பார்ப்பதே மலிவான ஆராய்ச்சி.

பணிமனைக்குப் போகும்போது “பேரிங் போயிருக்கிறது, மாற்றுங்கள்” என்று சொல்லிவிட்டால் பேரிங்கைத்தான் மாற்றுவார்கள். “50 கிலோமீட்டரில் தொடங்குகிறது, கியர் மாற்றினாலும் மாறுவதில்லை, இடப்பக்கம் திரும்பும்போது கூடுகிறது” என்று சொல்லி, மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து அதே சாலையில் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். வேலை முடிந்த பிறகும் அதே சாலையில், அதே வேகத்தில், அதே போல வளைந்து ஓட்டிப் பார்த்தே காரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் மெதுவான வேகத்தில் புதிதாக ‘தடக் தடக்’ என்று கேட்டாலோ ஸ்டியரிங் ஆடினாலோ, வேறு எதையும் ஆராயாமல் உடனே நிறுத்தி வீல் நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் அடுத்த வளைவுக்குள் சக்கரமே கழன்றுவிடக்கூடும். சத்தம் எதுவும் கேட்காவிட்டாலும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, குறுக்குக் குறுக்காக, முறுக்கு அளக்கும் ஸ்பேனரால் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.